சந்தனம் வைத்த சுவிட்ச்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். காலையில் காபிக்கு முன்னால் போன் வந்தால், நான் "ஹலோ" சொல்கிற விதத்திலேயே பேச வந்தவர்கள் பாதி விஷயத்தை விழுங்கிவிடுவார்கள். அந்த வருடம் தசராவுக்கு மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு லேபிலிருந்து ரிசப்ஷன் பெண் கூப்பிட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். அவள் எதையும் விழுங்கவில்லை. நெட் இல்லை, எந்தக் கம்ப்யூட்டரும் ஓடவில்லை, வாசலில் இருபது பேர் வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள் என்று ஒரே மூச்சில் ஹிந்தியில் கொட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் வேலை பார்ப்பது செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். காட்கோபரிலும் சயானிலும் அதற்குச் சின்னக் கிளைகள் உண்டு. மூன்று இடத்துக் கம்ப்யூட்டர், பிரிண்டர், வயர் எல்லாவற்றுக்கும் ஆள் நான் ஒருவன்தான். பெயருக்கு நெட்வொர்க் என்ஜினியர். சுவர்க் கடிகாரத்துக்கு செல் மாற்றவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தாராவியில் ஆட்டோ ஏறி, சயான் சிக்னலில் நிற்கும்போதே மனதுக்குள் குற்றவாளியைத் தேட ஆரம்பித்துவிட்டேன். எது பழுதானாலும் யாரோ எதையோ தொட்டிருக்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கொடுத்த புத்தி. அந்த யாரோ நானாக இருக்கலாம் என்று அதுவரை ஒருநாளும் தோன்றியதில்லை.

லேபுக்குள் நுழைந்தால் கூட்டம் வாசல் படி வரை நின்றது. தசராவுக்கு ஜிலேபியும் ஸ்ரீகண்டும் ஒரு கை பார்த்துவிட்டு மறுநாளே சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க வந்த கூட்டம். எல்லோரும் முந்தின இரவிலிருந்து பட்டினி. கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றி, நம்பர் அச்சடித்த ஸ்டிக்கர் வந்தால்தான் ரத்தம் எடுக்க முடியும். கையால் எழுதிக் குழாயில் ஒட்டக் கூடாது என்பது மேனேஜர் வைத்த சட்டம். குழாய் மாறினால் ஒருவரின் நோய் இன்னொருவர் தலையில் ஏறிவிடும் என்பார். நல்ல சட்டம்தான். அன்றைக்கு அதுவே எல்லோருக்கும் எமனாக நின்றது.

சர்வர் ரூம் என்று நாங்கள் சொல்வது கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று திரும்பக்கூடிய அறை. ஒரு காலத்தில் துடைப்பமும் வாளியும் வைக்கிற இடமாக இருந்தது. துடைப்பமும் வாளியும் பிறகும் அங்கிருந்து போகவில்லை. ஒரு மூலையில் அவை, எதிர்ச் சுவரில் என் ரேக். அந்த ரேக்கில்தான் நெட்வொர்க் சுவிட்ச் இருந்தது. விளக்கு போடுகிற சுவிட்ச் அல்ல. இரண்டு சாண் அகலத்தில் ஒரு இரும்புப் பெட்டி. லேபின் எல்லாக் கம்ப்யூட்டர் வயர்களும் அதில் வந்து சேரும். அது எழுந்திருக்காவிட்டால் ஒரு கம்ப்யூட்டருக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது.

அன்று அது எழுந்திருக்கவில்லை. மின்சாரம் வந்தது, உள்ளே ஃபேன் சுற்றியது, முன்பக்கத்து முதல் விளக்கு பச்சையாக மினுக்கியது. வழக்கமாக ஓரிரண்டு நிமிடம் மினுக்கிவிட்டு நிலைத்து நிற்கும். பிறகு ஒவ்வொரு வயருக்கு மேலும் ஒரு விளக்கு வரும். அன்று முதல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. மற்றவை இருட்டு. பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். வேறு பவர் வயர் போட்டேன். யுபிஎஸ்ஸை விட்டு நேராகச் சுவரில் செருகினேன். இருபத்துநான்கு வயர்களையும் கழற்றிவிட்டு வெறும் பெட்டியாக ஏற்றிப் பார்த்தேன். அதே மினுக்கல்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று லேப்டாப்பில் எழுத்தாகவே படிக்க ஒரு தனி வயர் உண்டு. அதை முந்தின வாரம் காட்கோபர் கிளையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கைவசம் இருந்த ஒரே மாற்றுப் பெட்டியை போன மாதம் சயானுக்குக் கொடுத்தாகிவிட்டது. சர்வீஸுக்குப் போன் போட்டால், பெட்டியை அனுப்புங்கள், இரண்டு நாளாகும் என்றார்கள். காட்கோபருக்கு ஆள் அனுப்பி வயர் வரவழைக்க எப்படியும் ஒன்றரை மணி நேரம். அனுப்பினேன். அதற்குள் கோபம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

அப்போதுதான் அக்காவைக் கூப்பிட்டேன். லேபைக் கூட்டித் துடைக்கிற வேலை அவருக்கு. மற்றவர்களுக்கு மௌஷி, அதாவது மராட்டியில் சித்தி; எனக்கு மட்டும் அக்கா. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். எங்கள் இரண்டு பேர் வீட்டுப் பேச்சும் ஒன்று, திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். வீடு தேவ்நாரில். காது கேளாத ஒரு மகள். அவள் படிக்கும் பள்ளி லேபுக்கு அடுத்த தெருவில். காலை ஆறு மணிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வந்து லேபைத் திறப்பார். பிள்ளை சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். எட்டு மணிக்குப் பள்ளியில் கொண்டு விடுவார். ஒரு மணிக்கு வேலை முடிந்ததும் அழைத்துக்கொண்டு போவார். இந்த நேரக் கணக்கு ஒத்து வருகிற இடம் கிடைப்பதற்குள் மூன்று வேலையை விட்டாராம். இந்த வேலைக்காகத் தினமும் சாமியிடம் நன்றி சொல்வதாக என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவரை வைத்தது லேப் அல்ல, ஒரு கான்ட்ராக்டர். ஒரு போனில் ஆள் மாறிவிடும்.

"அக்கா, இன்னைக்கு இந்தப் பொட்டியத் துடைச்சியளா?"

"துடைச்சேன் அண்ணாச்சி. காலைல வந்ததும் எல்லாத்தயும் துடைச்சேன்."

"ஈரத்துணியா?"

"நல்லாப் பிழிஞ்ச துணிதான். அந்தச் சந்தனம் காஞ்சு..."

"சந்தனத்த விடுங்க. தண்ணி பட்டுச்சா இல்லியா?"

பட்டிருக்காது என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தச் சந்தனத்தின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். லேபில் பூஜை என்று ஒன்று முன்பு கிடையாது. தசரா அன்று விடுமுறை. மராட்டிக்காரர்கள் அவரவர் வீட்டில் வண்டிக்கு சாமந்தி மாலை போடுவதோடு சரி. எனக்கு அது போதாது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் ஆயுத பூஜை. அப்பா தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் இருந்தார். தையல் மெஷின்களுக்கு அவர் சந்தனம் வைக்க மாட்டார், அப்புவார். மூன்று விரலால் அள்ளி இழுத்தால் மறு வருடம் வரை தடம் தெரியும். நானும் அந்த வருடம் மேனேஜரிடம் அனுமதி வாங்கி, தசராவுக்கு முந்தின சாயங்காலம் எல்லா மெஷின்களையும் அணைத்துவிட்டு, பன்னீரில் சந்தனம் குழைத்து, மானிட்டர், பிரிண்டர், யுபிஎஸ், என் வயர் நறுக்கும் கத்தரி வரை அப்பினேன். சுவிட்சுக்கு வந்தபோது மட்டும் படித்த புத்தி வேலை செய்தது. வயர் செருகும் ஓட்டைகளில் சந்தனம் போகக் கூடாது அல்லவா? அதனால் இடது ஓரத்தில் காலியாக இருந்த இடம் பார்த்து மூன்று விரலால் பதமாக இழுத்தேன். குங்குமமும் வைத்தேன். அக்காதான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே அறையின் மூலையில் இருந்த அவருடைய வாளிக்கும், தரை துடைக்கிற நீளக் கம்பு மாப்புக்கும் நான் சந்தனம் வைக்கவில்லை. வேண்டுமென்று விடவில்லை; அவை என் கண்ணிலேயே படவில்லை.

மேனேஜர் ஏழே முக்காலுக்கு வந்தார். கண்டிப்பான அம்மாள், ஆனால் அநியாயக்காரர் இல்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர் தலை சுற்றுகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நேராக சர்வர் ரூமுக்கு வந்தவரின் கண்ணில் முதலில் பட்டது என் சுவிட்ச் அல்ல, மூலையில் இருந்த வாளி.

"பானி தோ நஹீ கிரா இஸ்பே?" என்று கேட்டார். இதன் மேல் தண்ணீர் எதுவும் விழவில்லையே என்று.

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் எனக்கு. அக்கா இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"ஹோ சக்தா ஹை," என்றேன். இருக்கலாம்.

அவ்வளவுதான் சொன்னேன். மேனேஜர் திரும்பி அக்காவைப் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்தாயா என்று கேட்டார். துடைத்தேன் என்று அக்கா ஹிந்தியில் பதில் சொன்னார். மேனேஜர் அங்கேயே நின்று கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, நாளை முதல் வேறு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார். அக்காவிடம், இன்றைய வேலையை முடித்துவிட்டு, சாமான்களை இந்த அறையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போ என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

எட்டு மணிக்கு அக்கா மகளைப் பள்ளியில் விடக் கிளம்பினார். சர்வர் ரூம் கதவு வழியே பார்த்தேன். வாசலில் பிள்ளை கையை அசைத்து என்னவோ கேட்டது. இவர் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பதில் சொன்னார். பிள்ளை திரும்பி என் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் அவசரமாகக் குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு பிளக்கை மறுபடியும் சரி பார்த்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்கு அதுவும் கோபமாகத்தான் வெளியே வரும். பெட்டியை ரேக்கிலிருந்து கழற்றி ஸ்டூலில் தொப்பென்று வைத்தேன்.

கால் மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார். வாளியை எடுக்க அறைக்குள் வந்தவர், ஸ்டூலில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய."

"சொல்லுங்க."

"தெனமும் இதத் துடைக்கையில துணி ஒரு எடத்துல மாட்டும். இந்தா, இந்த ஓரத்துல சின்னதா ஒரு பித்தான் நிக்கும்லா, அதுல. இன்னைக்கு மாட்டல. வழுக்கிட்டுப் போயிட்டு."

எரிச்சலோடுதான் குனிந்தேன். இடது ஓரம், விளக்குகளுக்குக் கீழே. உளுந்து அளவுக்கு ஒரு பித்தான். வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டியது, உள்ளே அமுங்கிப் பெட்டியோடு சமமாக இருந்தது. போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். பித்தானைச் சுற்றியிருந்த இடுக்கில் மயிரிழை அளவுக்கு மஞ்சளாக ஒரு வளையம்.

காய்ந்த சந்தனம். என் மூன்று விரல் போன அதே தடம். அப்பும்போதே பித்தானை உள்ளே அமுக்கியிருக்கிறேன். இடுக்கில் போன சந்தனம் ஒன்றரை நாளில் காய்ந்து அதை அப்படியே பிடித்துக்கொண்டது. மேலே இருந்ததைத்தான் அக்கா துடைத்திருக்கிறார். அவரைச் சொல்ல விடாமல் நான் வாயை அடைத்தது இந்தச் சந்தனத்தைப் பற்றித்தான்.

அந்தப் பித்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் சுவிட்ச் பாதியில் நின்றுவிடும். பாஸ்வேர்டை மறந்த யாரோ உள்ளே வரப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, அவர்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றும் என் கண்ணுக்கு அது தெரியவில்லை. தினமும் துணி மாட்டுகிற இடத்தை ஞாபகம் வைத்திருந்த கைக்குத் தெரிந்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கினேன். என்னிடம் இருந்த ஸ்குரூ டிரைவர் எதுவும் அந்த இடுக்கில் நுழையவில்லை. அக்கா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். நான் வாங்காமல் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்களே எடுங்க அக்கா," என்றேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஊக்கின் முனையால் பித்தானைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டார். மஞ்சள் பொடி உதிர்ந்தது. வாயால் ஊதினார். இன்னொரு வட்டம். டிக்கென்று பித்தான் வெளியே வந்து நின்றது. துணியை எடுத்து அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார்.

"இப்ப மாட்டுது," என்றார்.

பிளக்கைச் செருகினேன். இருவரும் அந்த ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மினுக்கியது. மினுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு இவ்வளவு நீளம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. பிறகு நின்று எரிந்தது. நான் வயர்களை ஒவ்வொன்றாகச் செருகச் செருக மேலே விளக்குகள் வந்தன. வெளியே ரிசப்ஷனில் ஸ்டிக்கர் மெஷின் கிர்ரென்று ஓடும் சத்தம் கேட்டது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அக்கா அதற்குள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

மேனேஜர் சிரித்த முகமாக வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். ஒரு நிமிடம் என் மூளை என்னென்ன பதில்களை அடுக்கியது என்று சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். பவர் கோளாறு என்று சொல்லலாம். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஒரு பித்தான் மாட்டிக்கொண்டது என்று பாதி உண்மையைச் சொல்லலாம். இரண்டிலும் என் பெயர் கெடாது. இரண்டிலும் அக்கா நாளைக்கு வர முடியாது. மூலையைப் பார்த்தேன். வாளி இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

"பானி நஹீ தா, மேடம்," என்றேன். "மேரா சந்தன் தா. மைனே லகாயா தா. மௌஷி நே டூண்டா." தண்ணீர் இல்லை. என் சந்தனம். நான் பூசியது. மௌஷிதான் கண்டுபிடித்தார்.

சிரிப்பதா திட்டுவதா என்று மேனேஜருக்கே தெரியவில்லை போல. பிறகு திட்டினார். நன்றாகவே திட்டினார். அத்தனையும் எனக்குச் சேர வேண்டியதுதான். முடித்துவிட்டுத் தன் போனை என் கையில் கொடுத்து, கான்ட்ராக்டரிடம் நீயே சொல் என்றார். அந்த ஆளிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டதே என்று முனகினார். சந்தனக் கதையை இரண்டாவது முறை கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரி, மௌஷியே இருக்கட்டும் என்றார். சர்வர் ரூமுக்குள் இனி எந்தப் பூஜையும் செய்ய மாட்டேன் என்று எனக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. சந்தோஷமாகப் போட்டேன்.

ஒரு மணிக்கு அக்கா கிளம்பும்போது வாசலில் பிடித்தேன். மேனேஜரே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"அக்கா, நான் சந்தனம் வச்சத நீங்கதான பாத்திய. தட்டப் பிடிச்சிட்டு நின்னதே நீங்கதான். மேனேஜர்ட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நீங்க சொல்லுவியன்னு நெனச்சேன்."

மன்னிச்சிருங்க அக்கா என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"சொல்லிட்டியள்லா," என்றார். "கொஞ்சம் லேட்டு. விடுங்க. பிள்ள நிக்கும்." போய்விட்டார்.

என்னை நம்பி இருபது வயது முதல் எத்தனையோ பேர் மெஷின்களைக் கொடுத்திருக்கிறார்கள். நான் வாய் திறந்து உண்மையைச் சொல்வேன் என்று நம்பி, தன் வேலை போகிற நேரத்திலும் எனக்கு இடம் விட்டு நின்றவர் அவர் ஒருவர்தான். சுவிட்சை எழுப்பியதற்காக மட்டும் அவருக்கு நான் நன்றி சொல்வதென்றால் அது சின்ன நன்றி. அன்று அவர் ஸ்டூலிலேயே விட்டுப்போன ஊக்கை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. என் கருவிப் பையில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கே எது பழுதானாலும், அந்த இடத்தைத் துடைக்கிறவர்களைக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன வித்தியாசமாக இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்கிறேன். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறப்பதில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் என்பதால் ரிசப்ஷன் மேஜையில் ஒரு துணியை விரித்து, அதோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தேன். மெஷின்களை அணைக்க சர்வர் ரூமைத் திறந்தால், சுவிட்சின் வலது மூலையில், வயரும் பித்தானும் விளக்கும் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

அக்கா கதவருகே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டு இல்லாம வெறுமையா இருக்கக் கூடாதுல்லா," என்றார். "இது உதிராது. நான் இழுத்துப் பாத்துட்டேன்."

நான் மூலையிலிருந்து அவருடைய மாப்பை எடுத்துக்கொண்டு போய் ரிசப்ஷன் மேஜைமேல், என் லேப்டாப்புக்குப் பக்கத்தில், நடுவாக வைத்தேன். வேண்டாம் அண்ணாச்சி, ஆள் பார்ப்பார்கள் என்றார். கிண்ணத்திலிருந்து மூன்று விரலால் அள்ளினேன். முதல் சந்தனத்தை அந்தக் கம்பில் பிடியிலிருந்து பாதி வரை, அப்பா அப்புகிற மாதிரி அப்பினேன். அமுங்குவதற்கு அதில் பித்தான் எதுவும் இல்லை.